மரமடர்ந்த முகட்டில் ஒரு நாள் நடை: எந்தப் பக்கமிருந்து ஏறுவது?

சருகுத்தடம்:

நான்கு பேர் ஒரு காட்டு முகட்டை ஒரே நாளில் கடக்கத் திட்டமிடுகிறோம். சாதாரண நடைப் பழக்கம் உள்ளவர்கள்தான். முகடு கிழக்கு மேற்காக நீள்கிறது. கையில் 1:50,000 வரைபடம் இருக்கிறது, சமவுயரக் கோடுகளின் (ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் கோடுகள்) இடைவெளி 20 மீட்டர். கிழக்கு அடிவாரம் 400 மீட்டர். அங்கிருந்து 3 கி.மீ. ஏறினால் முகட்டின் கிழக்கு முனை, 720 மீட்டர். பிறகு 7 கி.மீ. முகட்டின் மேலேயே மேடும் தாழ்வுமாகப் போகிறது. மேற்கு முனையில் 780 மீட்டரில் ஒரு பழைய காவற்கோபுரம். அங்கிருந்து 4 கி.மீ. இறங்கினால் மேற்கு அடிவாரம், அதுவும் 400 மீட்டர்தான். மொத்தம் 14 கி.மீ.; கோடுகளை எண்ணிக் கூட்டியதில் ஏற்றம் 520 மீட்டர் வருகிறது.

பார்க்க நினைப்பவை, கிழக்கிலிருந்து வரிசையாக: 3.5 கி.மீ.யில் கரிமூட்டம் போட்ட தளங்கள், 5 முதல் 7 கி.மீ. வரை எல்லைக்கல் வரிசை, 7.5 கி.மீ.யில் முகடு 700 மீட்டருக்குத் தாழும் இடத்தில் இடிந்த சாவடி ஒன்று, 9 கி.மீ.யில் 810 மீட்டர் உச்சியில் நில அளவைத் தூண், கடைசியாகக் காவற்கோபுரம். சாவடி வழியாக முகட்டைக் குறுக்கே கடக்கும் பழைய தடம் ஒன்று வடக்கே 2.5 கி.மீ. தள்ளிச் சாலையைத் தொடுகிறது.

சூரியன் 6 மணிக்கு உதித்து 6 மணிக்கு மறைகிறது. காலை 8 மணிக்குக் கிழக்கில் தொடங்கி, கோபுரத்தைச் சாயும் வெயிலில் பார்த்துவிட்டு மேற்கே இறங்கலாம் என்று யோசனை. சரி வருமா? தடத்தில் வண்ணக்குறிகள் இருக்கின்றன, போனில் ஜிபிஎஸ் இருக்கிறது; இதற்கு மேலும் வழி தவற வாய்ப்புண்டா? சருகுக்கு அடியில் கிடக்கும் கரிமூட்டத் தளத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? தண்ணீர் ஆளுக்கு எவ்வளவு?

முகட்டுநடை:

திட்டத்தை அப்படியே திருப்பிப் போடுங்கள். மேற்கில் ஏறிக் கிழக்கில் இறங்குங்கள்.

உள்ளங்கையைக் கவிழ்த்து, விரல்களை விரித்து மேசைமேல் வையுங்கள். எந்த விரல் நுனியிலிருந்து கிளம்பினாலும் புறங்கைக்குத்தான் வந்து சேர வேண்டும். புறங்கையிலிருந்து கிளம்பினாலோ ஐந்து விரலில் எதில் வேண்டுமானாலும் இறங்கிவிடலாம். முகடும் அப்படித்தான். ஏறும்போது கிளைமுகடுகள் ஒன்றுசேரும், இறங்கும்போது பிரியும். ஏறுகிறவர் தடத்தைத் தவறவிட்டாலும் மேடு அவரை மேலே கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். இறங்குகிறவருக்கு அந்தச் சலுகை இல்லை.

கோபுரத்துக்கு மேற்கே கோடுகள் எத்தனை இடத்தில் கீழ்நோக்கி மூக்கு நீட்டுகின்றன என்று எண்ணிப் பாருங்கள். ஒவ்வொரு மூக்கும் ஒரு கிளைமுகடு. காட்டுக்குள் அந்தப் பிரிவு பிரிவாகவே தெரியாது. பார்வை 30 மீட்டர்கூட எட்டாத இடத்தில் அது லேசான ஒரு சாய்வு மாற்றம், அவ்வளவுதான். கால் தானாகவே அகலமான, சாய்வு குறைந்த பக்கம் போகும். அங்கே மேயும் விலங்குகள் போட்ட தடமும் இருக்கும். நூறு இருநூறு மீட்டர் நல்ல பாதை மாதிரியே கூட்டிக்கொண்டு போய்ப் புதருக்குள் விட்டுவிடும். இதைத்தான் மாலை 5 மணிக்கு, ஓய்ந்த கால்களோடு, மர நிழலில் செய்வதாகத் திட்டம் போட்டிருக்கிறீர்கள். மரக்காட்டுக்குள் சூரியன் மறைவதற்கு அரை மணி முன்பே இருட்டிவிடும். உங்களுக்கு நாள் 5.30க்கு முடிகிறது, 6க்கு அல்ல.

நேரக் கணக்குக்கு வருவோம். ஸ்காட்லாந்து மலையேறி நெய்ஸ்மித் 1892இல் சொன்ன கணக்கு இன்னும் செல்லுபடியாகிறது: கிடைமட்டமாக 5 கி.மீ.க்கு 1 மணி, அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு 1 மணி. சுருக்கமாக, கி.மீ.க்கு 12 நிமிடம், 10 மீட்டர் ஏற்றத்துக்கு 1 நிமிடம். உங்கள் வழிக்கு 168 + 52 = 220 நிமிடம். இது நல்ல பாதையில், நல்ல உடல்வாகுள்ளவர், நிற்காமல் நடந்தால். வேரும் சருகும் கல்லும் உள்ள காட்டுத்தடத்தில் மணிக்கு 4 கி.மீ. என்று வையுங்கள்: 210 + 52 = 262. ஐந்து சின்னத்துக்குத் தலா 20 நிமிடம், மூச்சு வாங்க மொத்தம் 40. ஆக 402 நிமிடம், 6 மணி 42 நிமிடம். நடை நேரத்தில் கால் பங்கைத் தாமதத்துக்கு ஒதுக்கினால் இன்னும் 65 நிமிடம். காலை 7க்குத் தொடங்கினால் 2.50க்குள் முடியும். 8க்குத் தொடங்கினாலும் வெளிச்சத்திலேயே இறங்கிவிடலாம் என்று தோன்றும். ஆனால் ஒருவர் கணுக்கால் பிசகி வேகம் பாதியானால் அந்த ஒரு மணிதான் காப்பாற்றும்.

நால்வரில் மெதுவாக நடப்பவர் வேகம்தான் கூட்டத்தின் வேகம். அவரைப் பின்னால் விடாமல் இரண்டாவது ஆளாக நடக்க வையுங்கள். கடைசியில் வருபவருக்கு ஓய்வே கிடைக்காது: முன்னால் போனவர்கள் நின்று இளைப்பாறி, அவர் வந்து சேரும்போது கிளம்பிவிடுவார்கள்.

பழங்கல்:

எல்லாச் சின்னத்துக்கும் 20 நிமிடம் என்று சமமாகப் பங்கு போட வேண்டாம். அளவைத் தூணுக்கு 5 நிமிடம் போதும். மிச்சத்தை எல்லைக்கற்களுக்கும் சாவடிக்கும் கொடுங்கள்.

ஒன்றைக் கவனித்தீர்களா? உச்சி 810 மீட்டரில் இருக்க, காவற்கோபுரத்தை 780இல் கட்டியிருக்கிறார்கள். உருண்டையான உச்சியில் நின்றால் மலையின் வயிறே அடிவாரத்தை மறைத்துவிடும். சரிவு செங்குத்தாகத் தொடங்கும் விளிம்புக்கு வந்தால்தான் கீழே வருகிற ஆள் தெரிவான். காவல் காக்கிறவனுக்கு வேண்டியது உயரம் அல்ல, அடிவாரம் தெரியும் விளிம்பு. செய்தி அனுப்பும் கோபுரங்களுக்கு இன்னொரு கணக்கு: இரண்டு பக்கத்து கோபுரங்களும் அங்கிருந்து தெரிய வேண்டும். பிரான்சில் 1794இல் பாரிஸ், லீல் நகரங்களுக்கு இடையே சாப்பே அமைத்த சைகைத் தந்தி வரிசை இந்த அடிப்படையில்தான் மேட்டுக்கு மேடு தாவியது. நில அளவைத் தூணுக்கோ பள்ளத்தாக்கு பற்றிக் கவலையே இல்லை. தொலைவில் உள்ள மற்ற உச்சிகள் தெரிந்தால் போதும், அதனால் அது சரியாக 810இல் நிற்கிறது. சாவடி தாழ்வில் இருப்பதற்குக் காரணம் சொல்லவே வேண்டாம். சுமையோடு முகட்டைக் கடக்கிறவன் எங்கே தாழ்வோ அங்கேதான் கடப்பான். வரி வாங்குகிறவனும் அங்கேதான் உட்காருவான்.

தூண் என்று சொன்னதும் ஒரு கிளைக்கதை. இந்தியப் பெரும் முக்கோண அளவை 1802 ஏப்ரல் 10இல் பரங்கிமலை அருகே அடிக்கோடு அளந்து தொடங்கியது. தட்டையான காவிரிச் சமவெளியில் ஏற மேடு இல்லாமல் அளவையை நடத்திய லாம்டன் கோயில் கோபுரங்களைப் பயன்படுத்தினார். 1808இல் தஞ்சைப் பெரிய கோயிலில் அரை டன் எடையுள்ள தியோடலைட்டை (கோணம் அளக்கும் கருவி) கயிறு கட்டி மேலே ஏற்றும்போது அது சுவரில் மோதி நசுங்கியது. பிரிட்டனில் 1936இல் நிறுவத் தொடங்கிய கான்கிரீட் தூண்கள் 1.2 மீட்டர் உயரம். உச்சியில் மூன்று பள்ளமுள்ள பித்தளைத் தகடு இருக்கும், தியோடலைட்டின் மூன்று கால்களும் அதில் உட்காரும். உங்கள் தூணின் தலையிலும் அப்படித் தகடோ துளையோ இருக்கிறதா பாருங்கள். அதன்மேல் ஏறி நின்று படம் எடுக்க வேண்டாம்.

கரிமூட்டத் தளம். சரிவில் நடக்கும்போது திடீரென்று 6 முதல் 10 மீட்டர் விட்டத்துக்கு வட்டமாக, தட்டையாக ஓர் இடம் வந்தால் நில்லுங்கள். மேற்புறம் சரிவை வெட்டியிருப்பார்கள், அந்த மண்ணைக் கீழ்ப்புறம் கொட்டி மேடாக்கியிருப்பார்கள். அதாவது மேலே ஒரு சின்ன வெட்டு, கீழே ஒரு சின்ன உதடு. தட்டையாக வேண்டும் என்பதற்குக் காரணம் உண்டு. மூட்டம் சாய்ந்திருந்தால் மேல் போர்த்திய மண் விரிசல் விடும், காற்று புகும், கரியாக வேண்டிய மரம் சாம்பலாகிவிடும். உறுதி செய்ய, நடுவில் ஒரு கையகலச் சருகை விலக்குங்கள். மண் மையைப் போலக் கறுத்து, விரலில் ஒட்டும் கரித்துண்டுகள் இருந்தால் அதுவேதான். கறுப்பு வட்டத்துக்குள் மட்டும் இருக்கும். நாலு எட்டு தள்ளி மண் பழுப்பாகிவிடும். காட்டுத்தீயின் கரி என்றால் சரிவு முழுக்கச் சிதறியிருக்கும். வீட்டுத் தளமாக இருந்தால் நீள்சதுரமாக, ஓரத்தில் அடுக்கிய கல்லோடு இருக்கும். ஒரு தளம் கிடைத்துவிட்டால் ஏறாமல் இறங்காமல் அதே மட்டத்தில் பக்கவாட்டில் பாருங்கள், அடுத்தது இருக்கும். மரத்தின் எடையில் நான்கிலோ ஐந்திலோ ஒரு பங்குதான் கரியாக மிஞ்சும். அதனால் மரத்தைக் கீழே சுமக்காமல் காட்டிலேயே எரித்துக் கரியைச் சுமந்தார்கள். மட்டமான சுமைத்தடங்கள் தளங்களைக் கோத்துக்கொண்டு போகும். பார்த்த பிறகு சருகைத் திரும்ப மூடிவிடுங்கள்.

எல்லைக்கல்லில் பெரும்பாலும் இரு முகங்களிலும் எழுத்து இருக்கும். எந்த முகம் எந்தப் பக்கத்தைப் பார்க்கிறதோ அந்தப் பக்கத்து உரிமையாளரின் குறி அதில். கல் திரும்பிக் கிடந்தால் இந்தக் கணக்கு பொய்த்துப்போகும், அதனால் அடுத்தடுத்த மூன்று கல்லையாவது ஒப்பிடுங்கள். தேய்ந்த எழுத்தை வாசிக்கச் சுண்ணக்கட்டி பூசாதீர்கள், மேலே படர்ந்த லைக்கனை (பாசியும் பூஞ்சையும் சேர்ந்து வாழும் படர்வு) சுரண்டாதீர்கள். கல்லோடு ஒட்டிப் படரும் சில வகை ஆண்டுக்கு 1 மில்லிமீட்டர்கூட வளராது. அதைச் சுரண்டும் கத்தியோடு எழுத்தின் விளிம்பும் போய்விடும். வேண்டியது ஒரு டார்ச்சும் ஒரு கறுப்புத் துணியும்தான். ஒருவர் துணியைப் பிடித்துக் கல்லை இருட்டாக்கட்டும், இன்னொருவர் டார்ச்சைக் கல்லின் முகத்தோடு ஒட்டினாற்போல் பக்கத்திலிருந்து அடிக்கட்டும். ஒளி நேராக விழுந்தால் எழுத்து மறையும், உரசிக்கொண்டு போனால் எழும்பும். இடமிருந்து ஒரு படம், மேலிருந்து ஒரு படம் கட்டாயம் எடுங்கள். இடப்பக்க ஒளியில் படுக்கைக் கோடுகள் தெரியாது, மேலொளியில் நிமிர்ந்த கோடுகள் தெரியாது; 1ஐயும் 7ஐயும் மாற்றி வாசிப்பது இப்படித்தான்.

சாவடியில் சாந்தைப் பாருங்கள். பழைய சுண்ணாம்புச் சாந்து வெளிறி, நடுநடுவே வெள்ளைச் சுண்ணக்கட்டிகளோடு இருக்கும்; நகத்தால் தேய்த்தால் கொஞ்சம் உதிரும். சாம்பல் நிறத்தில் கெட்டியாக இருந்தால் அது சிமென்ட். போர்ட்லண்ட் சிமென்ட்டுக்கு 1824இல்தான் காப்புரிமை வாங்கப்பட்டது, ஆகவே அந்தப் பகுதி அதற்குப் பிந்திய கைவேலை. சிமென்ட் பூசிய இடத்தைச் சுற்றிக் கல் செதில் செதிலாக உரிந்திருந்தால் வியப்பில்லை. முன்பு மூட்டு வழியே வெளியேறிய ஈரம் இப்போது கல் வழியே வெளியேறுகிறது.

பாதுகாப்புக்கு இரண்டே வார்த்தை. வளைகூரையின் மேல் நடக்காதீர்கள், அதன் பக்கச்சுவர் விலகியிருக்கிறதா என்பது மேலிருந்து தெரியாது. பொந்துக்குள் கை விடாதீர்கள். பாம்பு இல்லாவிட்டால் குளவி இருக்கும். சாந்தில்லாமல் அடுக்கிய சுவர் வந்தால் இடைவெளியைத் தேடிச் சுற்றிப் போங்கள். மேல்வரிசைக் கல் ஒன்று சரிந்தால் உள்ளே மழைநீர் இறங்கி நிரப்புக் கற்களை அசைக்கும், ஓரிரு மழைக்காலத்தில் சுவர் வயிறு தள்ளிவிடும்.

திசைமுள்:

மேற்கிலிருந்து ஏறச் சொன்னதை ஏற்கிறேன். ஆனால் அதில் ஒரு பொறி இருக்கிறது. வண்ணக்குறி அடித்தவர் கிழக்கிலிருந்து நடந்து அடித்திருந்தால், சில குறிகள் அந்தப் பக்கம் மட்டுமே தெரியும். எதிர்த்திசையில் போகிறவர் குறி இல்லை என்று நினைத்துக்கொள்வார். அதனால் 5 நிமிடத்துக்கு ஒருமுறை திரும்பிப் பாருங்கள். கடந்து வந்த மரத்தின் முதுகில் குறி இருந்தால் தடம் சரி. குறி கண்ணில் படாமல் 200 மீட்டர் நடந்துவிட்டால் கடைசியாகப் பார்த்த குறிக்கே திரும்புங்கள். முன்னால் போய்த் தேடுவது வேண்டாம்.

குறிகளின் பொருள் இடத்துக்கு இடம் மாறும். அமெரிக்காவின் அப்பலாச்சியன் தடத்தில் 2 அங்குலம் அகலம், 6 அங்குலம் உயரமுள்ள வெள்ளைப் பட்டை. ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு பட்டை வந்தால் திருப்பம் அல்லது எச்சரிக்கை. பிரான்சின் நெடுந்தடங்களில் வெள்ளைக்குக் கீழே சிவப்பு. பெருக்கல் குறி வந்தால் அது உங்கள் வழி அல்ல. உங்கள் தடத்துக்கு என்ன முறை என்று தொடக்கத்தில் உள்ள பலகையைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஜிபிஎஸ் நீங்கள் நிற்கும் புள்ளியைச் சொல்லும். திறந்த வெளியில் 5 மீட்டர் துல்லியம். ஈரமான இலைக்கூரைக்கு அடியில், சரிவு ஒரு பக்க வானத்தை மறைக்கும் இடத்தில் 20 மீட்டர் வரை தள்ளாடும். இரண்டு கிளைமுகடுகள் பிரியும் இடத்தில் அவற்றுக்கு நடுவே உள்ள தூரமே அவ்வளவுதான். ஆகவே தப்பாகப் போகிறீர்கள் என்பதைத் திரை சொல்லும்போது நூறு மீட்டர் இறங்கியிருப்பீர்கள்.

அங்கே உதவுவது சரிவின் திசை. நேராகக் கீழ்ச்சரிவைப் பார்த்து நில்லுங்கள், காலடியில் ஒரு பந்தை வைத்தால் எந்தப் பக்கம் உருளுமோ அந்தப் பக்கம். திசைகாட்டியில் அதைப் படியுங்கள். வரைபடத்தில் நீங்கள் இருப்பதாக நினைக்கும் இடத்தில் சமவுயரக் கோட்டுக்குச் செங்குத்தாகக் கீழ்நோக்கி ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். ஒன்று வடமேற்கு, மற்றது தென்மேற்கு என்று வந்தால் நீங்கள் வேறு கிளையில் நிற்கிறீர்கள். மரங்களுக்கு நடுவே எந்த அடையாளமும் தெரியாதபோதும் இது வேலை செய்யும். காந்த விலக்கத்தை (முள் காட்டும் வடக்குக்கும் வரைபட வடக்குக்கும் உள்ள வேறுபாடு) திருத்த மறக்காதீர்கள்: 1 பாகை பிழை 1 கி.மீ.க்கு 17 மீட்டர், 5 பாகை என்றால் 87 மீட்டர். போன் உறையில் காந்தப் பூட்டு இருந்தால் திசைகாட்டியை அதே பையில் போடாதீர்கள், முள்ளின் துருவமே மாறிவிடலாம்.

உங்கள் வரைபடத்தில் கோட்டுக்கும் கோட்டுக்கும் 2 மி.மீ. இருந்தால் சாய்வு 11 பாகை, வசதியாக நடக்கலாம். 1 மி.மீ. என்றால் 22 பாகை. ஈரச் சருகில் வழுக்கும். கோடுகள் ஒட்டியே கிடந்தால் அது பாறை, தடம் அங்கே வளைந்து போகும்.

போனைக் கிளம்பும் முன்பே விமானப் பயன்முறையில் போடுங்கள். சிக்னல் இல்லாத இடத்தில் செல்போன் கோபுரம் தேடித் தேடியே மின்கலம் தீரும். அந்தப் பயன்முறையிலும் ஜிபிஎஸ் வேலை செய்யும். 10,000 எம்ஏஎச் பவர்பேங்கிலிருந்து 6,000 சுமார்தான் போனுக்குப் போய்ச் சேரும், மீதி மின்னழுத்தம் மாற்றுவதிலும் சூட்டிலும் கரையும். கேபிள் இரண்டு எடுங்கள்.

கரிமூட்டத் தளங்களை வீட்டிலிருந்தே தேட ஒரு வழி உண்டு. அந்தப் பகுதிக்கு லைடார் (விமானத்திலிருந்து லேசர் ஒளி வீசி நிலத்தை அளக்கும் முறை) தரவு பொதுவில் கிடைத்தால், மரங்களை நீக்கிய நிலமேற்பரப்பை நிழலிட்டுப் பாருங்கள். பெலீஸ் நாட்டின் கரகோல் மாயா நகரை 2009இலும், அங்கோரை 2012இலும் காட்டுக்கூரைக்கு மேலிருந்து இப்படித்தான் அளந்தார்கள். மென்பொருள் தானாக வடமேற்கிலிருந்து ஒளி அடிக்கும். ஒளியின் போக்கிலேயே நீளும் வரப்பும் பள்ளத்தடமும் அதில் மறைந்துவிடும், அதனால் இன்னொரு முறை வடகிழக்கிலிருந்தும் அடித்துப் பாருங்கள். பழங்கல் டார்ச்சுக்குச் சொன்னதேதான்.

சருகுத்தடம்:

நன்றி. எண்ணிப் பார்த்தேன், கோபுரத்துக்கு மேற்கே மூன்று மூக்கு. எங்கள் தடம் வடக்கு மூக்கில், நடு மூக்குதான் அகலம். ஆக முகட்டுநடை சொன்னது அப்படியே பொருந்துகிறது.

இரண்டு தயக்கம். கோபுரத்தை ஒட்டிய முதல் 1 கி.மீ.யில் 10 கோடுகள், அதாவது 200 மீட்டர். தொடக்கத்திலேயே அதை ஏறினால் களைத்துவிட மாட்டோமா? மதியத்துக்கு மேல் மேகம் திரளும் காலமாகவும் இருக்கிறது. சாவடிக்கு 60 மீட்டர் கீழே வரைபடத்தில் ஓடையின் நீலக்கோடு தொடங்குகிறது, அதை நம்பித் தண்ணீரைக் குறைத்துக்கொள்ளலாமா?

ஊற்றுக்கண்:

நீலக்கோட்டை நம்பாதீர்கள். வரைபடத்தில் ஓடையின் தலை ஒரே இடத்தில் நிற்கும், மலையில் நிற்காது. மழை ஓய்ந்து நிலத்தடி நீர்மட்டம் இறங்க இறங்க, ஓடை தொடங்கும் இடமும் சரிவில் கீழே கீழே போகும். முகட்டில் தண்ணீர் இல்லாததற்கும் இதே காரணம்தான்: அதற்கு மேலே மழையைப் பிடித்துவைக்க நிலம் இல்லை. 60 மீட்டர் இறங்கி ஏறப் போக வர 20 நிமிடம் ஆகும். அங்கே ஈர மண் மட்டும் இருந்தால் இன்னும் இறங்கத் தோன்றும், அதுதான் ஆபத்து. சாவடியைக் கட்டியவர்கள் ஓடையை நம்பினார்களா, மழைநீர்த் தொட்டி வெட்டினார்களா என்று அங்கே போனதும் பாருங்கள், பதில் கிடைத்துவிடும்.

ஆளுக்கு மணிக்கு அரை லிட்டர், 7 மணி நேரத்துக்கு 3.5. வெயில் கடுமையாக இருந்தால் முக்கால் லிட்டர் என்று வைத்து 5. நடுத்தரமாக 4 லிட்டர் எடுங்கள், 4 கிலோ கனம். கிளம்பும் முன் அரை லிட்டர் குடித்துவிடுங்கள். உப்புள்ள தின்பண்டம் கட்டாயம். வியர்வையில் உப்பு போய்க்கொண்டிருக்க வெறும் தண்ணீரையே ஊற்றினால் ரத்தத்தில் சோடியம் குறைந்து தலைவலி, குமட்டல், குழப்பம் வரும். அது தாகத்தின் அறிகுறி என்று நினைத்து மேலும் குடிப்பார்கள், இன்னும் மோசமாகும்.

வேறு வழியில்லாமல் ஓடைநீர் எடுத்தால், கொதி வந்த பிறகு 1 நிமிடம் தளதளவென்று கொதிக்கட்டும். 2,000 மீட்டருக்கு மேலே என்றால் 3 நிமிடம். குளோரின் மாத்திரைக்கு 30 நிமிடம் காத்திருக்க வேண்டும், கலங்கல் நீரில் அது சரியாக வேலை செய்யாது, கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணியை அது நம்பகமாகக் கொல்லவும் கொல்லாது. 0.2 மைக்ரான் வடிகட்டி பாக்டீரியாவையும் அந்த ஒட்டுண்ணியையும் நிறுத்தும், வைரஸை நிறுத்தாது.

மேகம் பற்றி. மின்னலைப் பார்த்ததும் எண்ணத் தொடங்குங்கள். 3 விநாடிக்கு 1 கி.மீ. இடி 30 விநாடிக்குள் கேட்டால் முகட்டில் இருக்கக் கூடாது. கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் வரை மேலே ஏறவும் கூடாது. முகட்டின் கோட்டிலிருந்து பக்கச் சரிவில் இறங்கி, ஒரே உயரமுள்ள மரங்களுக்கு நடுவே நில்லுங்கள். தனித்து உயர்ந்த மரம் வேண்டாம். ஒருவருக்கொருவர் 15 மீட்டராவது விலகியிருங்கள், ஒரே அடியில் நால்வரும் விழாமல் ஒருவராவது உதவ மிஞ்ச வேண்டும். படுக்காதீர்கள். கோபுரத்துக்குள் ஓடுவதுதான் எல்லோருக்கும் தோன்றும். கதவும் கூரையும் மின்கம்பியும் இல்லாத பழங்கட்டடம் மின்னலுக்குப் புகலிடம் அல்ல. சுவரில் இறங்கும் மின்சாரம் பக்கத்தில் நிற்பவருக்குத் தாவும். பாறைக் குடைவின் வாயும் அப்படியே.

மேற்கிலிருந்து ஏறுவதற்கு இது இன்னொரு காரணம். கோபுரமும் உச்சியும் காலை 10க்குள் முடிந்துவிடும்.

முகட்டுநடை:

200 மீட்டர் ஏற்றம் பற்றி: கணக்குப்படி அந்த 1 கி.மீ.க்கு 15 + 20 = 35 நிமிடம். அதற்கு முன் 3 கி.மீ.யில் 180 மீட்டர் மெதுவாக ஏறி உடல் சூடேறியிருக்கும். பேசிக்கொண்டே ஏற முடிகிற வேகம்தான் சரியான வேகம். வாக்கியம் நடுவில் அறுந்தால் குறையுங்கள். அதே சரிவைக் கடைசியில் இறங்கினால் 11 கி.மீ.க்குப் பதில் 10 கி.மீ. நடந்த கால்கள் என்பது உண்மைதான், ஆனால் இறக்கத்தில் தொடைத் தசை நீண்டபடியே பளுவைத் தாங்குகிறது. முட்டி நடுங்குவதும் சறுக்குவதும் அங்கேதான். கிழக்குச் சரிவு 3 கி.மீ.க்கு 320 மீட்டர், 6 பாகை. களைத்த காலுக்கு ஏற்ற இறக்கம் அதுதான்.

முடிவெடுக்கும் இடம் சாவடி. 7க்குக் கிளம்பினால் 6.5 கி.மீ. நடை, 410 மீட்டர் ஏற்றம், இரண்டு சின்னம், ஓய்வு எல்லாம் சேர்த்து 10.20க்கு அங்கே இருக்க வேண்டும். அங்கிருந்து மீதிக்கு 3 மணி 25 நிமிடம். எந்தக் காரணத்தாலோ 12.30 தாண்டிவிட்டால், அல்லது இடி கேட்டால், வடக்குத் தடத்தில் 2.5 கி.மீ. இறங்கிச் சாலைக்குப் போய்விடுங்கள். இந்த நேரத்தை இப்போதே எழுதிக்கொள்ளுங்கள். அங்கே போய் நால்வரும் கூடிப் பேசினால் 'இன்னும் கொஞ்சம்தானே' என்ற கட்சிதான் ஜெயிக்கும்.

சருகுத்தடம்:

திருத்திய திட்டம்: மேற்கில் காலை 7. கோபுரம், தூண், சாவடி, எல்லைக்கல், கரிமூட்டம், கிழக்கில் இறக்கம். சாவடியில் 12.30 கெடு. ஆளுக்கு 4 லிட்டர். டார்ச், கறுப்புத் துணி, திசைகாட்டி, விசில். கோபுரத்துக்குக் காலைச் சூரியன் கிழக்கிலிருந்து, அதாவது முகட்டுப் பக்கமிருந்து அடிக்கும். சாயும் ஒளி கிடைக்கிறது, எதிர்ப்பக்கமிருந்து, அவ்வளவுதான். வேறேதும் விட்டுப்போனதா?

திசைமுள்:

விசில் என்றால் கணக்கும் தெரிந்திருக்க வேண்டும். நிமிடத்துக்கு 6 முறை, பிறகு 1 நிமிட அமைதி, மறுபடி 6. பதில் நிமிடத்துக்கு 3. பதில் வந்ததும் நிறுத்திவிடாதீர்கள், ஆள் கண்ணில் படும்வரை ஊதுங்கள். தேடி வருபவர் ஒலியைப் பிடித்துத்தான் வருவார். விசில் பையின் அடியில் இல்லாமல் தோள்பட்டையில் தொங்கட்டும். நால்வரிடமும் ஒவ்வொன்று. பிரிந்துபோகிறவரிடம்தான் அது இருக்க வேண்டும்.

காட்டுக்குள் நுழைய அனுமதி, பழஞ்சின்னங்களுக்கான விதி இரண்டையும் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். உலோகம் தேடும் கருவியோ ட்ரோனோ கொண்டுபோவதாக இருந்தால் அதற்குத் தனியாக.

முகட்டுநடை:

ஒன்று விட்டுப்போனது. ஒரு முனையில் ஏறி மறுமுனையில் இறங்குகிறீர்கள். இரண்டு வண்டி என்றால் முதலில் ஒன்றைக் கிழக்கே நிறுத்திவிட்டு, எல்லோரும் மற்றதில் மேற்கே போங்கள். கிழக்கே நிற்கும் வண்டியின் சாவி ஓட்டுநரின் பையில் இருக்கிறதா என்று மேற்கில் கதவைச் சாத்தும் முன் பாருங்கள்.